சிறுகுறிஞ்சான் என்று நான் கொடுத்த செடிகள்

தொண்ணூற்றேழில் தொடங்கி மூன்று வருடம் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் விதை செய்கிறேன் என்பேன். அம்மா நம்பவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர் அவர். விதை செடியில் காய்ப்பது, அதை ஆள் உட்கார்ந்து செய்ய முடியாது என்பது அவருடைய கட்சி. ஒருநாள் சின்னக் கண்ணாடிப் புட்டியில் நான்கைந்து எடுத்துவந்து காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஜவ்வரிசியாட்டம் இருக்குது. நடுவுல பச்சையா இன்னாது, பூச்சியா?"

பூச்சி இல்லை, கணு. கொடியில் இலைக்காம்பு சேரும் இடத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். ஆய்வுக்கூடத்தில் புட்டிக்குள் வளர்த்த கொடியிலிருந்து அந்தக் கணுவை மட்டும் அரைச் சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கரைத்த கூழில் போட வேண்டும். பிறகு அகன்ற வாய்க் குழாயால் கூழோடு சேர்த்து ஒவ்வொரு கணுவாக உறிஞ்சி, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த சொட்டு அங்கேயே உருண்டு இறுகும். அரைமணி கழித்து வடித்துக் கழுவினால் விரலால் எடுக்கக்கூடிய மணி. கூழில் சத்துப் பொருள்கள் சேர்த்திருப்பதால் உள்ளே இருக்கும் மொட்டுக்குக் கொஞ்ச நாள் சாப்பாடு உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஓரிரு மாதம் தாங்கும். எடுத்து ஊன்றினால் முளைக்கும், அல்லது முளைக்க வேண்டும். செயற்கை விதை என்பது இதுதான். நான் முதலில் செய்தவற்றில் கூழ் நீர்த்துப்போய், மணிக்கு மணி வால் இருந்தது. தட்டு நிறையத் தலைப்பிரட்டை நீந்துவதுபோல் இருந்தது என்று பேராசிரியர் சொன்னார். அவர் வேடிக்கையாகப் பேசியது எனக்கு நினைவிருப்பது அந்த ஒருமுறைதான்.

பேராசிரியர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். திட்டம் அவருடையது. மருந்துச் செடிகளில் சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரை வியாதிக்கு நாட்டு மருந்தில் சேர்க்கிறார்கள் என்பதால் வியாபாரிகள் கேட்டு வாங்கினார்கள். கேட்டதால் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் வேரோடு பிடுங்கினார்கள். அதன் விதை முளைப்பது குறைவு, சீக்கிரம் வீரியமும் போய்விடும். ஆகவே கணுவிலிருந்து விதை செய்து கொடியைப் பெருக்கி, விவசாயிகளுக்கும் கொடுத்து, காட்டிலும் திரும்ப வைப்பது என்பது திட்டம். காகிதத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது.

தாய்க்கொடி வேண்டியிருந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் ஒரு சின்னக் குன்று. எது என்று சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும். கத்தரிக்கோலும் ஈரச் செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு பெண் புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு சாக்கில் இலை அடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை வரும் வியாபாரிக்கு மூலிகை பறித்துப் போடுவது அவருடைய பிழைப்பு என்று பிறகு தெரிந்தது. என் கத்தரிக்கோலைப் பார்த்ததும் சாக்கின் வாயைச் சுருட்டிவிட்டார்.

"ஃபாரஸ்ட்டா நீங்க?"

"இல்லக்கா, காலேஜ். சிறுகுறிஞ்சான் பாக்க வந்தேன்."

"காலேஜுக்கு இன்னாத்துக்கு அது?"

"ஒரு கொடியில இருந்து நெறைய கொடி பண்றதுக்கு."

"பண்ணி?"

இந்தக் கேள்விக்குத் திட்ட அறிக்கையில் இரண்டு பக்கம் பதில் இருந்தது. "திரும்பக் காட்டுலயே வெப்போம்" என்றேன்.

"அப்ப எனக்குத்தான் நல்லது" என்று சிரித்தார்.

அரைமணி ஏறி ஒரு கொடியைக் காட்டினார். இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்து மெல்லச் சொன்னார். கசந்தது. இடுப்பில் முடிந்து வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டு கொடுத்தார். வாயில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. புத்தகத்தில் படித்திருந்தும் என் முகம் கோணியதைப் பார்த்து அவர் மறுபடி சிரித்தார். அவருக்குத் தெரிந்த கொடிகள் இன்னும் இருக்கும் என்று தோன்றியது. அவர் காட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அந்தக் கொடி எங்களிடம் எட்டு மாதம் இருந்தது. காட்டிலிருந்து வந்த தண்டில் பூஞ்சை கூடவே வரும். அதைக் கொல்லும் மருந்து சற்று அதிகமானால் தண்டும் சேர்ந்து செத்துவிடும். அந்த அளவு கைக்குப் பிடிபடவே நான்கு மாதம் போயிற்று. புட்டிகளில் பச்சை தெரிய ஆரம்பித்தபோது மே மாதம். வளர்ப்பறையின் ஏ.சி. பழுதாகி நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் திறந்தபோது எல்லாப் புட்டியிலும் கறுப்புப் பூஞ்சை. துணி வெளுப்பதுபோல் இரண்டு நாள் உட்கார்ந்து புட்டி கழுவினேன்.

"இன்னொரு கொடி எடுத்துக்கினு வந்துடும்மா" என்றார் பேராசிரியர்.

இரண்டாம் முறை போனபோது அந்த அக்காவைத் தேடவில்லை. குன்றடியில் எந்த வீடு என்று தெரியும், போய்க் கூப்பிட்டிருக்கலாம். எங்கள் தெருவில் எம்.எஸ்சி. படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு கொடியைக் காட்டச் சொல்லி மறுபடியும் போய் நிற்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் நானே குன்றின் மறுபக்கம் ஏறினேன். எதிரெதிர் இலைகள், மேலே மெல்லிய ரோமம், நீள்வட்டம் என்று புத்தகத்தில் இருந்தபடியே ஒரு கொடி. பூ இல்லாத பருவம். ஒரு இலையை மென்றேன், கசந்தது. வெல்லமோ சர்க்கரையோ கொண்டுபோகவில்லை. கசந்ததே போதும் என்று நினைத்துக்கொண்டேன். கசக்கும் இலை உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. பேராசிரியர் அதைத் துறையில் இருந்த உலர்ந்த மாதிரியோடு வைத்துப் பார்த்துவிட்டு, சிறுகுறிஞ்சான்தான் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

இந்தக் கொடி முந்தையதைவிட நன்றாக வளர்ந்தது. பூஞ்சை குறைவு, கணுவுக்குக் கணு இரண்டு தளிர். எங்கள் கை பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். மணிகள் வாலில்லாமல் உருண்டன. பாதிக்குமேல் முளைத்தன. புட்டியிலிருந்து மண்ணுக்கு மாற்றும்போது செடிக்கு வெளிக்காற்று தாங்காது. பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து மூடி, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் திறந்து திறந்து பழக்க வேண்டும். அதில் நிறையச் செத்தன. மீதி, திட்டம் தொடங்கி ஒன்றரை வருடம் முடியும்போது, நாற்பது செடிக்குமேல் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றன. ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் ஏற்பாடாயிற்று. விவசாயிகள், நாட்டு மருந்துக் கடைக்காரர்கள், சர்க்கரை வியாதி இருந்து ஆர்வத்தில் வந்தவர்கள் என்று எழுபது எண்பது பேர். பேராசிரியர் செயற்கை விதை பற்றிப் பேசினார். நான் தட்டில் மணிகளை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களுக்குச் செடி கொடுத்தோம். பெயரும் விலாசமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். டீ வருவதற்குள் முப்பது செடி போய்விட்டது. பலர் பையில் வைத்துக்கொண்டு வெயிலுக்கு முன் கிளம்பியும் விட்டார்கள்.

கோட்டக்குப்பத்தில் மருந்துக் கடை வைத்திருந்த ஒரு பாய், தான் வாங்கிய செடியில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு நிதானமாக மென்றார். பிறகு டீ குடித்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், டீ இனிக்குதே."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பேராசிரியர் உடனே சொன்னார்: "எளங்கொடி பாய். சத்து ஏர்றதுக்கு ஒரு வருஷம் ஆவும்."

பாய் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடத்தில் குன்றின் மறுபக்கம் நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஆமா பாய். புட்டியில வளந்த செடிக்குக் கொஞ்சம் லேட்டாவும்" என்றேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"அப்பச் சரிங்க" என்றார். "ஆனா இத நம்பி சர்க்கரைக்காரங்க யாராச்சும் மாத்திரைய வுட்டுட்டாங்கன்னா பேஜாராய்டும், பாத்துக்குங்க." செடியை மேசையில் திரும்ப வைத்தார். "எனக்கு வேணாம். தப்பா நெனைக்காதீங்க."

அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் வந்தேன். பேராசிரியர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் நான்கு இலை மென்று, ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டேன். சர்க்கரை சர்க்கரையாகவே இருந்தது.

மறுநாள் காலையில் அந்தச் செடியோடு குன்றடிக்குப் போனேன். அக்கா வாசலில் இலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். பையை அவர் முன் வைத்தேன். அவர் கையில்கூட எடுக்கவில்லை.

"இது குறிஞ்சான் இல்ல. அதுக்குப் பங்காளியாட்டம் ஒண்ணு. மாடுகூட வாய் வெக்காது."

"எப்டிக்கா பாத்த ஒடனே சொல்றீங்க?"

"இதுல இன்னா இருக்குது? நீ அந்தப் பக்கம் ஏறி வெட்டிக்கினு போனப்பவே பாத்தேனே."

"பாத்தீங்களா? அப்பவே ஏன் சொல்லல?"

"நீ கேக்கல." காய்ந்த இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "மொதல் தடவ வந்தப்ப ஒண்ணு காட்டனேன். ரெண்டாந்தடவ எனக்குத் தெரியாம வந்த. சரியானதக் காட்டிக் குடுத்தா நாளைக்குப் பத்து பேரு வேன் எடுத்துக்கினு வருவாங்க. தப்பானத வெட்டிக்கினு போனா எனக்கு இன்னா நஷ்டம்? போவட்டும்னு வுட்டுட்டேன்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெளிவாகத் தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை. இருபத்தொன்பது பேர் வீட்டுக்கு இது போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் கை நின்றது.

"சர்க்கரைக்காரங்களுக்கா?"

"சில பேரு."

"அத மொதல்ல பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குத் திசு வளர்ப்பு தெரியாது, மணிகளை ஜவ்வரிசி என்றுதான் கடைசிவரை சொன்னார். "குடுத்த வூடு தெரியும்ல? போய் வாங்கிக்கினு வா" என்றார்.

பேராசிரியரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மேசைக்கு எதிரில் நின்று, எந்தத் தேதியில் எங்கே வெட்டினேன், மென்று பார்த்தேன் ஆனால் இனிப்பு வைத்துப் பார்க்கவில்லை, நேற்று கூட்டத்தில் சொன்னது பொய் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். ஆண்டறிக்கை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது.

"பூக்கட்டும்மா. பூ பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"பூக்க எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது சார். எனக்கு அந்த விலாச நோட்டு வேணும்."

"எதுக்கு?"

"போய்த் திரும்ப வாங்கிக்கினு வர்றேன் சார்."

அலமாரிப் பூட்டைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். அது போதும் என்று அப்போது தோன்றியது. அவர் கையெழுத்துப் போட்டதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அடுத்த ஐந்து வாரம் காலையில் ஆய்வுக்கூடம், மதியத்துக்குமேல் பஸ். விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், மரக்காணம் என்று நோட்டில் இருந்த வரிசையில் போகாமல் பஸ் கிடைத்த வரிசையில் போனேன். சிலர் வாங்கிய அன்றே பஸ்ஸில் மறந்துவிட்டிருந்தார்கள். ஒன்றை ஆடு தின்றுவிட்டது. அந்த ஆடு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இரும்பையில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் பந்தல் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து வளர்த்திருந்தார்கள். அதைப் பிடுங்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தூரத்து ஊர்கள் இரண்டுக்குப் பேராசிரியரே ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்து, என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

விழுப்புரத்தில் ரயில்வே காலனிப் பக்கம் ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. வயது அறுபதுக்குமேல். செடி மாடிப்படி ஓரத்தில் நன்றாகத் தழைத்திருந்தது. தினம் காலையில் இரண்டு இலை சாப்பிடுவதாகவும் உடம்பு லேசாகிவிட்டதாகவும் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எனக்கு நல்லாத்தாம்மா இருக்குது. நீங்க குடுக்கும்போது ஒண்ணு சொல்றீங்க, அப்புறம் வந்து ஒண்ணு சொல்றீங்க. செடியத் தர முடியாது."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கணவர் உள்ளே போனதும் தாழ்ந்த குரலில், "மாத்திரைய நிறுத்திட்டாரு. கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. நான் சொன்னாக் கேக்கல, நீயாச்சும் சொல்லும்மா" என்றார்.

அவர் திரும்பி வந்ததும், இரண்டு இலை பறித்துக் கொடுத்தேன். மெல்லச் சொன்னேன். பிறகு அந்த அம்மாவிடம் சர்க்கரை கேட்டேன். டப்பாவோடு கொண்டுவந்தார்.

"சிறுகுறிஞ்சானா இருந்தா இப்ப இனிப்புத் தெரியாது சார். ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டார். சப்பிப் பார்த்தார்.

"இனிக்குதா சார்?"

"இனிக்குது" என்றார்.

பிறகு அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "எடுத்துக்கினு போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் செடியை வேரோடு எடுத்தேன். டாக்டரிடம் இன்றே போகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தேன். காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அந்தப் புண் செடி வாங்குவதற்கு முன்பே இருந்தது என்று அந்த அம்மா சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா என்று தெரியாது. எவ்வளவு என் பங்கு என்று கணக்கிட வழியில்லை. பங்கே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

நோட்டில் இருந்த முப்பதில், பாய் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து, இருபத்தேழுக்கு விவரம் தெரிந்தது. மூன்று விலாசத்தில் ஆளே இல்லை.

அறிக்கையில் பேராசிரியர் உண்மையை எழுதினார். தாய்ச்செடி தவறாக அடையாளம் காணப்பட்டது, பெருக்கப்பட்ட செடிகள் திரும்பப் பெறப்பட்டு வருகின்றன என்று இரண்டு வரி. யார் அடையாளம் கண்டது என்று எழுதவில்லை. மிச்சமிருந்த காலத்துக்குத் திட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு நீட்டிக்க மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மூன்றாம் முறை குன்றடிக்குப் போனபோது நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை.

"காட்றேன். ஆனா எந்தக் குன்று, எந்தப் பக்கம்னு நீ எங்கயும் எழுதக்கூடாது."

"ஆராய்ச்சிக் கட்டுரையில இடம் போட்டே ஆகணும்க்கா."

"போடாத."

"சரி. வேற?"

"மொளைச்சதுல பாதி என் வூட்டுப் பின்னால வரணும். முள்ளுல ஏறி எறங்கி எனக்கு முட்டி போச்சு."

பேராசிரியரிடம் கேட்டேன். "திண்டிவனம் வட்டம்னு மட்டும் போட்டுக்கலாம்" என்றார். இன்றும் அந்தக் கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது.

அக்கா இந்த முறை மூன்று இடங்களில் மூன்று கொடிகள் காட்டினார். ஒவ்வொன்றையும் மென்று, வெல்லம் தின்று, வாய் தெளிய அரைமணி உட்கார்ந்து அடுத்ததற்குப் போனோம். அந்த இடைவேளைகளில்தான் அவரோடு நிறையப் பேசினேன். அவர் வீட்டுக்காரர் கோட்டக்குப்பத்தில் வீடு கட்டும் வேலைக்குப் போவதும், வியாபாரி எடையைக் குறைத்துக் காட்டத் தராசில் எங்கே கால் வைக்கிறான் என்பதும், இரண்டாவது பெண்ணுக்கு என்னைப்போல் காலேஜ் வேண்டும் என்பதும் அப்போது தெரிந்தவை.

உண்மையான சிறுகுறிஞ்சான் எங்களுக்கு எளிதாக வளைந்துகொடுக்கவில்லை. பூஞ்சை, பழுப்பு, முளைத்துப் பின் வாடல். பத்து மாதத்தில் மணிகள் செய்ய முடிந்தது. முளைத்தவை முன்பு முளைத்ததில் பாதிகூட இல்லை. நான் ஆய்வுக்கூட விதியை மீறி ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் இலையைக் கழுவி மென்று பார்த்தேன். மேசை இழுப்பறையில் சர்க்கரை டப்பா இருந்தது. எறும்பு வந்ததால் பேராசிரியர் அதைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொன்னார்.

இரண்டாயிரத்தில் திட்டம் முடிந்தது. வளர்ப்பறையைக் கம்ப்யூட்டர் அறையாக மாற்ற முடிவு செய்திருந்தார்கள். ஒரு பங்கு மணிகளைப் பேராசிரியர் தெரிந்த வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே அவை என்ன ஆயின என்று பதில் வரவில்லை. மீதியை நான் ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, வளர்ந்த செடிகள் பதினைந்தை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஃபிளாஸ்கைப் பார்த்து, "காப்பியா மேடம்?" என்றார்.

"விதை."

"ஃபிளாஸ்க்லயா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

அக்கா வீட்டுப் பின்னால் வேலியோரம் செடிகளை வைத்தோம். மணிகளைக் கொட்டாங்குச்சிகளில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி ஊன்றினோம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அவை முளைப்பது அரிது என்று சொல்லித்தான் ஊன்றினேன். ஐம்பதுக்குமேல் ஊன்றியதில் நான்கு முளைத்து இரண்டு நின்றன. செடிகளில் ஒன்பது பிழைத்தன. எது எந்தத் தாய்க்கொடியிலிருந்து வந்தது என்று குச்சி நட்டுக் குறித்துவைத்தேன். குச்சிகளை மறு மாதமே கோழி கிளறிவிட்டது.

அதன் பிறகு எனக்கு விழுப்புரத்தில் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. கல்யாணம், குழந்தைகள், இடமாற்றம். குன்றடிக்கு வருடத்துக்கு ஒருமுறை போனேன், பிறகு அதுவும் குறைந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சென்னைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு அட்டை அனுப்புவார். செடியைப் பற்றி அதில் எழுதியதில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு ஒருநாள் போனேன். அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. பின்வேலி பாதி சாய்ந்திருந்தாலும் கொடி அதன்மேல் கனமாகப் படர்ந்திருந்தது. இவ்வளவு வைக்கவில்லையே என்றேன்.

"கணுவ மண்ணுல அமுக்கி வெச்சேன், வேர் வுட்டுச்சு. வெட்டி அந்தாண்ட நட்டேன். அப்டியே போச்சு. இதுக்குப் போயி மூணு வருசம் புட்டிய கழுவிக்கினு இருந்தியே."

சிரிக்காமல்தான் சொன்னார். நான் விளக்கத் தொடங்கினேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கொடியிலிருந்து ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கில் பண்ணலாம், நோயில்லாமல் தூரத்துக்கு அனுப்பலாம் என்றேன். கேட்டுக்கொண்டார். நான் சொன்னது தப்பில்லை. அப்படி ஆயிரம் பண்ணி அந்த வட்டாரத்தில் யாரும் எங்கும் வைக்கவில்லை என்பதும் தப்பில்லை.

"குன்றுல?" என்று கேட்டேன். "இன்னும் இருக்குதா?"

"கீழப் பக்கம் இருந்தது கல்லு ஒடைக்கறதுல போச்சு. மேல ரெண்டு இருக்குது. இப்ப நான் அதத் தொட்றதில்ல."

அந்த வேலியில் இருப்பவை மூன்று கொடிகளின் பிள்ளைகளா, ஒன்றின் பிள்ளைகள் மட்டுமா என்று இனிச் சொல்ல முடியாது. ஒன்றுதான் என்றால் ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகும். அதைச் சொல்லி, மேலே இருக்கும் இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனியாக நட்டுவைக்க வேண்டும் என்றேன். மழைக்காலம் வரட்டும், சேர்ந்து ஏறலாம் என்றார். அவர் பெண் நர்சிங் படிப்பதாகச் சொல்லி, போட்டோ காட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஏறினோம். முட்டி வலியோடு அவர் பாதிவரை வந்து உட்கார்ந்துகொண்டார். மீதியை அவர் கீழேயிருந்து கை காட்ட, நான் ஏறிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து கணு வெட்டி வந்தேன். அவற்றில் ஏழு வேர்விட்டன. நான்கு அவர் வீட்டில், மூன்று எங்கள் பள்ளித் தோட்டத்தில்.